மெனு யாருக்குச் சொந்தம்?



எக்செல் ஷீட் இல்லாத அலுவலகத்தை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் அந்தத் திரையின் மேல்பகுதியில் வரிசையாக நிற்கும் கட்டளைகளை நாமே மாற்றிக்கொள்ளலாம், நமக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் குறைவு. தெரிந்தும் கைவைக்கத் தயங்குகிறவர்கள் அதைவிட அதிகம். ‘கம்பெனிக்காரன் யோசித்துத்தானே வைத்திருப்பான், நாம் ஏன் தொட வேண்டும்’ என்கிற தயக்கம் அது. மேக்ரோ எழுதி மெனுவையும் கருவிப்பட்டையையும் மாற்றும் செய்முறையை இன்று சொல்லத்தான் போகிறேன். ஆனால் அந்த மெனு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டுச் செய்முறைக்குப் போனால் அரைமனதோடுதான் செய்வோம். கேள்வி நான் கிளப்பியதும் அல்ல. அமெரிக்க உச்சநீதிமன்றம் வரைக்கும் போய்வந்த கேள்வி.

முதலில் பழைய கதை. 1979இல் டான் பிரிக்ளினும் பாப் ஃபிராங்ஸ்டனும் ஆப்பிள் கணினிக்காக உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாளில் மெனு என்று இன்று நாம் சொல்கிற எதுவும் கிடையாது. சாய்கோட்டை அழுத்தினால் திரையின் மேலே ஒரு வரியில் ஆங்கில எழுத்துகள் மட்டும் தெரியும். பி என்றால் என்ன, ஆர் என்றால் என்ன என்பதை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். 1983 ஜனவரியில் மிட்ச் கேபோரும் ஜோனதன் சாக்ஸும் கொண்டுவந்த லோட்டஸ் 1-2-3 இந்த இடத்தில்தான் முந்தியது. அதிலும் சாய்கோடுதான், ஆனால் அழுத்தியதும் முழுச் சொற்கள் வரும். வொர்க்‌ஷீட், ரேஞ்ச், காப்பி, மூவ், ஃபைல், பிரிண்ட் என்று வரிசை. ஒவ்வொன்றின் மேல் நிற்கும்போதும் கீழ்வரியில் அதற்கு ஒரு விளக்கம். முதல் எழுத்தைத் தட்டினால் போதும், உள்ளே போய்விடலாம். இப்படி ஐம்பதுக்கும் மேற்பட்ட மெனுக்களில் மொத்தம் 469 கட்டளைகள்.

இதன் மேல்தான் மேக்ரோ வந்தது. லோட்டஸின் மேக்ரோ மிக எளிமையானது. விரல் எந்த வரிசையில் விசைகளைத் தட்டுமோ, அதே வரிசையில் அந்த எழுத்துகளை ஒரு செல்லில் எழுதி வைப்பது, அவ்வளவுதான். ஒரு தொகையைப் பணமாக, இரண்டு தசம இடங்களோடு காட்ட வேண்டுமா? சாய்கோடு, ஆர், எஃப், சி, 2, பிறகு என்டர் விசைக்கு அடையாளமாக இரண்டு அலைக்குறிகள். ரேஞ்ச், ஃபார்மட், கரன்சி என்ற மூன்று சொற்களின் முதல் எழுத்துகள்தாம் அந்த ஆர், எஃப், சி. அந்தச் செல்லுக்குப் பின்சாய்கோடும் ஓர் எழுத்தும் சேர்த்துப் பெயர் வைத்தால், ஆல்ட்டோடு அந்த எழுத்தைத் தட்டியதும் எல்லாம் தானாக நடக்கும்.

நிரல் எழுதத் தெரியாத கணக்கர்களும் இதை எழுதினார்கள். அவர்கள் எழுதியது கணினி மொழியே இல்லை. தங்கள் விரல்களின் பழக்கத்தைத்தான் எழுதி வைத்தார்கள். இன்னொன்றும் செய்தார்கள். லோட்டஸில் எக்ஸ்-எம் என்று ஒரு மேக்ரோ கட்டளை உண்டு. பக்கத்துப் பக்கத்துச் செல்களில் எட்டுச் சொற்கள் வரைக்கும் எழுதலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே ஒரு விளக்கம், அதற்கும் கீழே அதற்கான மேக்ரோ. இயக்கினால் லோட்டஸின் சொந்த மெனு வரும் அதே இடத்தில், அதே தோற்றத்தில், நீங்கள் எழுதிய மெனு வந்து நிற்கும். நாற்பது வருடத்துக்கு முன்னால், ஒரு மெனு என்பது ஷீட்டில் மூன்று வரிகள். யார் வேண்டுமானாலும் அந்தச் செல்லுக்குப் போய்ச் சொல்லை மாற்றலாம். இந்த மூன்று வரிகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி வழக்கு. போர்லண்ட் என்ற நிறுவனம் குவாட்ரோ, பிறகு குவாட்ரோ புரோ என்ற விரிதாளைக் கொண்டுவந்தது. அதற்குத் தனி மெனு இருந்தது. கூடவே, வேண்டியவர்கள் லோட்டஸின் மெனு வரிசைக்கு மாறிக்கொள்ளவும் வழி வைத்தார்கள். காரணம் கருணை அல்ல, வியாபாரம். ஒரு நிறுவனத்தில் பல வருடமாகச் சேர்ந்த லோட்டஸ் மேக்ரோக்கள் இருக்கும். அவை எல்லாம் மெனுச் சொற்களின் முதல் எழுத்துகளால் ஆனவை. மெனு மாறினால் அத்தனை மேக்ரோவும் செத்துவிடும். அப்படியிருக்க யார் புது மென்பொருளை வாங்குவார்கள்?

1990இல் லோட்டஸ் வழக்குப் போட்டது. லோட்டஸின் நிரலிலிருந்து போர்லண்ட் ஒரு வரியைக்கூட எடுக்கவில்லை என்பதில் தகராறு இல்லை. சொற்களையும் அவற்றின் வரிசையையும் எடுத்தது குற்றமா என்பதே கேள்வி. மாவட்ட நீதிபதி ராபர்ட் கீட்டன் குற்றம் என்றார். ‘குவிட்’ என்ற கட்டளைக்கு ‘எக்ஸிட்’ என்று பெயர் வைத்திருக்கலாமே, வேறு சொல் இருக்கும்போது அதே சொல் எதற்கு என்பது அவர் வாதத்தின் போக்கு. போர்லண்ட் அந்த மெனுவை நீக்கிவிட்டு, பழைய மேக்ரோக்களைப் படித்துப் புரிந்துகொள்ளும் வசதியை மட்டும் வைத்துக்கொண்டது. அதற்காக உள்ளே வைத்திருந்தது கட்டளைகளின் முதல் எழுத்துகளை மட்டுமே. அதுவும் கூடாது என்றார் கீட்டன்.

1995 மார்ச்சில் முதலாம் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதைத் தலைகீழாக்கியது. மெனு என்பது எழுத்துப் படைப்பு அல்ல, இயக்கும் முறை; வீடியோ டெக்கின் பட்டன்களுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாதது போல இதற்கும் கேட்க முடியாது என்றது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒவ்வொரு விதமாகப் பயனாளர் மேக்ரோ எழுத வேண்டியிருப்பது அபத்தம் என்றும் சொன்னது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி பௌடின் தனியாக எழுதிய கருத்துதான் எனக்குப் பிடித்தது. ஒரு விசைப்பலகையில் தட்டச்சுப் பழகியவர், அந்தப் பலகையைச் செய்யும் உரிமை ஒரே கம்பெனியிடம் இருந்தால் அதற்குக் கைதியாகிவிடுவார் அல்லவா, லோட்டஸ் மெனுவைப் பழகி மேக்ரோக்களும் எழுதி வைத்தவரின் நிலையும் அதுதான் என்பது அவர் கருத்து. நம்மூரில் பழைய தட்டச்சுப் பலகையில் கை பழகியவரைத் தமிழ்99க்கு மாறச் சொல்லிப் பாருங்கள், பௌடின் சொன்னது உடனே விளங்கும்.

உச்சநீதிமன்றத்தில் ஒரு நீதிபதி விலகிக்கொள்ள, மீதி எட்டுப் பேர் நாலுக்கு நாலாகப் பிரிந்தார்கள். 1996 ஜனவரியில் கீழ்த்தீர்ப்பு அப்படியே நின்றது. அதற்குள் குவாட்ரோ புரோவைப் போர்லண்ட் விற்றுவிட்டது. லோட்டஸை ஐபிஎம் வாங்கிவிட்டது. சந்தை எக்செல் கையில். இரண்டு பேர் அடித்துக்கொண்ட வீட்டில் மூன்றாவது ஆள் குடியேறிவிட்டார். ஆனாலும் தீர்ப்பின் சாரம் நமக்கு முக்கியம். மெனுவின் சொற்களைக் கோத்தது கம்பெனி. அவற்றின் மேல் உழைப்பைக் கொட்டியது பயனாளர். அந்த உழைப்பு யாருடையது என்ற கணக்கை நீதிமன்றமே போட்டுப் பார்த்தது.

எக்செல்லை உருவாக்கியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைய எக்செல்லில் வெறும் சாய்கோட்டைத் தட்டிப் பாருங்கள். மேலே உள்ள கட்டளைகளின் மீது எழுத்துகள் முளைக்கும். லோட்டஸிலிருந்து வந்த விரல்களுக்காக வைத்த வாசல் அது, இன்னும் மூடவில்லை. ஆல்ட் பிடித்து இ, எஸ், வி என்று தட்டினால் மதிப்பை மட்டும் ஒட்டும் வேலை நடக்கிறதே, அந்த இ என்பது எடிட் மெனு. எடிட் மெனு 2007இல் போய்விட்டது. அதற்குரிய விசை வரிசையை எடுக்க அவர்களுக்குத் துணிவில்லை.

சரி, எக்செல்லில் நம் கை எதுவரை போகும்? 1992இன் நான்காம் பதிப்பு வரைக்கும் மேக்ரோ ஷீட் என்று தனி ஷீட். 1993இல் ஐந்தாம் பதிப்போடு விபிஏ என்ற நிரல்மொழி வந்தது. 1997இல் மெனுவும் கருவிப்பட்டையும் கமாண்ட்பார் என்ற ஒரே இனமாகின. அன்று முதல் பத்து வருடம் மெனு எழுதுகிறவர்களுக்குப் பொற்காலம். பத்து வரி நிரலில் மெயின் மெனுவிலேயே ‘சம்பளம்’ என்று ஒரு தலைப்பைத் தொங்கவிடலாம். அதன் கீழ் ‘மாதப் பட்டியல் தயார் செய்’, ‘பிடித்தம் சரிபார்’, ‘சீட்டு அச்சிடு’ என்று மூன்று வரி. ஒவ்வொன்றுக்கும் ஒரு மேக்ரோ.

பொற்காலத்தில் அட்டூழியங்களும் நடந்தன. சிலர் எக்செல்லின் எல்லா மெனுவையும் மறைத்துவிட்டுத் தங்கள் மெனுவை மட்டும் நிறுத்தினார்கள். தொழில்முறை நூல்களே இவற்றுக்குச் சர்வாதிகாரச் செயலிகள் என்று பெயர் வைத்தன. கோப்பு ஒழுங்காக மூடினால் பழைய மெனு திரும்பும். நடுவில் நிரல் பிழையில் நின்று, மெனுவைத் திருப்பி வைக்காமலே எக்செல்லை மூடிவிட்டால் அடுத்த நாள் காலையில் அந்தப் பாவப்பட்டவர் வேறு கோப்பைத் திறக்கும்போதும் மெனு இருக்காது. ஏனென்றால் மூடும்போது மாற்றங்களை எக்செல் தனக்கென ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்ளும். நாம் சேர்க்கும் மெனு இப்படித் தங்கிவிடாமல் இருக்க ஒரே ஒரு சொல் போதும். மெனுவைச் சேர்க்கும்போது ‘டெம்பரரி’ என்பதற்கு ‘ட்ரூ’ கொடுத்தால், எக்செல் மூடும்போது அதுவும் போய்விடும். வாடகை வீட்டில் ஆணி அடிப்பதற்கு முன் யோசிப்போம் அல்லவா, அந்த யோசனைதான் இங்கேயும் வேண்டும். நம் கோப்பு அடுத்தவருடைய எக்செல்லில் குடியிருக்கிறது.

கையால் இழுத்துப் போட்ட கருவிப்பட்டைப் பட்டன்களில் இன்னொரு வேடிக்கை. மேக்ரோ இருக்கும் கோப்பின் முழு முகவரியையும் பட்டன் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். நீங்கள் கோப்பைப் புதுப் பெயரில் சேமித்து, புது வருடத்துக்குப் பயன்படுத்த ஆரம்பித்திருப்பீர்கள். பட்டனை அழுத்தினால் போன வருடக் கோப்பு எங்கிருந்தோ திறந்துகொண்டு வரும். பார்க்கிறவர் ‘கம்ப்யூட்டரில் வைரஸ்’ என்றுதான் நினைப்பார். மெனுவை நிரல்வழியே, கோப்பு திறக்கும்போது புதிதாகக் கட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

கட்டுவது சுலபம், எப்போது கலைப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கோப்பு மூடப்படும் நிகழ்வில் கலைக்கலாம் என்று தோன்றும். அந்த நிகழ்வு நடப்பது, ‘மாற்றங்களைச் சேமிக்கவா’ என்று எக்செல் கேட்பதற்கு முன்னால். நிரல் ஓடி மெனு போய்விடும். பிறகு கேள்வி வரும். பயனாளர் ‘கேன்சல்’ அழுத்திவிடுவார். கோப்பு திறந்தபடி இருக்கும், மெனு இருக்காது. எனவே கோப்பு முன்னுக்கு வரும்போது கட்டி, பின்னுக்குப் போகும்போது கலைப்பதே சரி. ஆக்டிவேட், டிஆக்டிவேட் என்ற இரு நிகழ்வுகள் அதற்கென்றே இருக்கின்றன. அடுத்த கோப்புக்குத் தாவினால் நம் மெனுவும் மறையும். மரியாதையும் அதுதான்.

இன்னும் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். எக்செல்லில் ஷீட்டை மாற்றும் மேக்ரோ ஓடியதும், அதற்கு முன் செய்ததை மீட்கும் ‘அன்டூ’ வரிசை அழிந்துவிடும். எக்செல்லின் சொந்த மெனுவில் எதை அழுத்தினாலும் கன்ட்ரோல்-இசட் காப்பாற்றும் என்று நம்பிப் பழகிய கை, நம் மெனுவையும் அதே நம்பிக்கையோடுதான் அழுத்தும். அதனால் ‘பழைய விவரங்களை அழி’ என்ற வரியை ‘அச்சிடு’ என்பதற்கு அடுத்து வைக்கிறவரை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. இடையில் பிரிப்புக்கோடு போட்டு, கடைசியில் வைத்து, அழிக்கும் முன் ஒரு நகலும் எடுக்கச் சொல்லி எழுத வேண்டும். குறுக்குவிசையிலும் கவனம் தேவை. மேக்ரோவுக்குக் கன்ட்ரோல்-சி என்று கொடுத்தால் எக்செல் மறுக்காது. அந்தக் கோப்பு திறந்திருக்கும்வரை காப்பி வேலை செய்யாது, அவ்வளவுதான்.

திருடர்களுக்கும் இந்த வாசல் தெரிந்தே இருந்தது. 1996இல் பரவிய லாரூ என்ற எக்செல் வைரஸ், எக்செல் திறக்கும்போதெல்லாம் தானும் திறப்பதற்காக ‘பெர்சனல்’ என்ற கோப்பில் போய் உட்கார்ந்தது. நாம் நம் சொந்த மேக்ரோக்களைச் சேர்த்து வைக்கிற அதே கோப்பு. 1999 மார்ச்சில் வந்த மெலிஸா வேர்டைப் பிடித்தது. அது செய்த வேலைகளில் ஒன்று, டூல்ஸ் மெனுவில் இருக்கும் ‘மேக்ரோ’ என்ற கட்டளையைச் செயலற்றதாக்குவது. மெனுவைத் திருத்தும் ஒற்றை வரி நிரல். நாம் எழுதுகிற அதே கமாண்ட்பார் நிரல். தன்னைப் பார்க்கப் போகிற வழியையே அடைத்துவிட்டது. இதன் நீண்ட பின்விளைவாக 2022 முதல், இணையம்வழி வந்த கோப்புகளின் மேக்ரோவை மைக்ரோசாஃப்ட் இயல்பாகவே தடுத்துவிடுகிறது. நீங்கள் எழுதியதை மின்னஞ்சலில் அனுப்பினால் எதிர்முனையில் சிவப்புப் பட்டைதான் தெரியும். பெறுகிறவர் கோப்பின் ‘பிராப்பர்ட்டீஸ்’ போய் ‘அன்பிளாக்’ என்பதில் குறியிட வேண்டும். உங்களை அவருக்கு நேரில் தெரிந்திருந்தால் மட்டும் செய்யச் சொல்லுங்கள்.

2007இல் மெனுக்களுக்குப் பதிலாக, தாவல்களில் பட்டன்களை அடுக்கிய ரிப்பன் வந்தது. மெனுக்கள் புதர் மண்டிவிட்டன, இருக்கிற வசதியையே இல்லையென்று நினைத்து மக்கள் கேட்கிறார்கள் என்று அதை உருவாக்கிய மைக்ரோசாஃப்ட் குழுவின் ஜென்சன் ஹாரிஸ் விளக்கம் தந்தார். நியாயமான காரணம். ஆனால் முதல் பதிப்பில் ரிப்பனைப் பயனாளர் தொடவே முடியாதபடி வைத்தார்கள். பட்டனை இழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு மிஞ்சியது மூலையில் ஒரு சின்ன விரைவுப்பட்டை. மாற்ற வேண்டுமானால் கோப்பைப் பிரித்து உள்ளே எக்ஸ்எம்எல் எழுத வேண்டும். பத்து வருடப் பழைய மெனுக்கள் எல்லாம் ‘ஆட்-இன்ஸ்’ என்ற ஒரு தாவலுக்குள் அகதிகளாகத் தள்ளப்பட்டன. மூன்று வருடம் கழித்து 2010 பதிப்பில்தான் ரிப்பனைச் சுட்டியாலேயே மாற்றலாம் என்று இறங்கி வந்தார்கள். ரிப்பனைத் திட்டிவிட்டு ஒரு நல்லதையும் சொல்ல வேண்டும். கோப்புக்குள் எழுதிய ரிப்பன் தாவல், அந்தக் கோப்பு முன்னால் இருக்கும்போது மட்டுமே தெரியும். நாம் பாடுபட்டு எழுதிய கட்டுதலும் கலைத்தலும் இங்கே தானாகவே நடக்கின்றன.

உங்களில் பெரும்பாலானோருக்கு எக்ஸ்எம்எல் தேவையே இல்லை. மேக்ரோவைப் பதிவு செய்யுங்கள். விரைவுப்பட்டையில் வலது சொடுக்கி, ‘மேக்ரோஸ்’ பட்டியலிலிருந்து அதைச் சேருங்கள். ‘எல்லாக் கோப்புகளுக்கும்’ என்று இருப்பதை ‘இந்தக் கோப்புக்கு மட்டும்’ என்று மாற்றினால் பட்டன் கோப்போடேயே பயணம் செய்யும். ஆல்ட்டோடு எண்ணைத் தட்டினால் அந்த இடத்துப் பட்டன் இயங்கும். பத்து நிமிட வேலை.

தமிழில் மெனு வைப்பவர்கள் ஒரு சுவரில் முட்டிக்கொள்வார்கள். விபிஏ எடிட்டர் யூனிகோடு அறியாதது. அதில் ‘சம்பளம்’ என்று தட்டினால் கேள்விக்குறிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வோர் எழுத்தையும் எண்ணாக எழுதலாம் என்று வழி சொல்வார்கள். ச-வுக்கு 2970, பிறகு ம, புள்ளி, ப, ள, ம, மறுபடி புள்ளி. ஒரு சொல்லுக்கு ஏழு எண். இதை யாரும் இரண்டாவது முறை செய்ய மாட்டார்கள். நிரலுக்குள் தமிழே வேண்டாம், ஷீட்டில் வையுங்கள் என்பதே என் யோசனை. எக்செல்லின் செல்லுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். செல்லில் இருப்பதை நிரல் படித்து மெனுவுக்குத் தந்தால் அங்கேயும் தமிழ் ஒழுங்காக வரும். எச்சரிக்கைப் பெட்டியான எம்எஸ்ஜி-பாக்ஸுக்கு மட்டும் இது ஒத்துவராது. அங்கே யூசர்ஃபார்ம் செய்துகொள்ள வேண்டும்.

இந்த வழி என் கண்டுபிடிப்பல்ல. எக்செல் நூல்களால் அறியப்பட்ட ஜான் வாக்கன்பாக் வேறொரு காரணத்துக்காக இதைப் பரப்பினார். ஒரு ஷீட்டில் அட்டவணை: இது தலைப்பா, உள்வரியா என்று ஒரு பத்தி, தெரிய வேண்டிய பெயர் ஒரு பத்தி, ஓட வேண்டிய மேக்ரோ ஒரு பத்தி, பிரிப்புக்கோடு வேண்டுமா என்று ஒரு பத்தி. பொதுவான ஒரு நிரல் அதை வரிவரியாகப் படித்து மெனு கட்டிவிடும். பெயரை மாற்ற வேண்டுமானால் நிரல் தெரிந்தவரைத் தேட வேண்டாம். செல்லில் மாற்றினால் போதும். லோட்டஸின் அந்த மூன்று வரிகள் மறுபிறவி எடுத்தது போலத்தான். சம்பளப் பிரிவில் தினமும் உட்காருகிறவர் ‘பிடித்தம்’ என்பதை ‘கழிவு’ என்று மாற்ற நினைத்தால், அவரே மாற்றலாம்.

கூகுள் ஷீட்ஸில் இதே வேலை இன்னும் சுருக்கம். எக்ஸ்டென்ஷன்ஸ் மெனுவில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட் திறந்து, ஆன்-ஓப்பன் என்ற பெயரில் ஒரு செயற்கூறு. அதற்குள் கிரியேட்-மெனு, ஆட்-ஐட்டம். தமிழை நேரடியாகவே எழுதலாம். முதல் முறை மெனுவை அழுத்தும்போது அனுமதி கேட்கும். ஆனால் நாம் சேர்த்த மெனு கைபேசிச் செயலியில் தெரியாது. எக்செல்லின் கைபேசிச் செயலியிலும் விபிஏ ஓடாது. களத்தில் நின்று கைபேசியில் பதிவு செய்கிறவர்களுக்கு நான் சொல்வது, கூகுள் ஷீட்டில் ஒரு செல்லில் செக்பாக்ஸ் வையுங்கள். ஆன்-எடிட் செயற்கூறு அந்தச் செல்லைக் கவனிக்கட்டும். குறியிட்டதும் வேலையை முடித்துவிட்டுக் குறியை எடுத்துவிடட்டும். மின்னஞ்சல் அனுப்புவது போல அனுமதி தேவைப்படும் வேலையென்றால் அந்தத் தூண்டுதலைத் தனியாக நிறுவ வேண்டும், சாதா ஆன்-எடிட்டுக்கு அந்த அதிகாரம் கிடையாது.

அட்டவணை வைத்த மாதிரிக் கோப்பு ஒன்று இந்தத் திரையில் திறந்திருக்கிறது. முதல் பத்தியையும் மூன்றாவது பத்தியையும் தொடாமல், இரண்டாவது பத்தியில் எந்தப் பெயரை வேண்டுமானாலும் மாற்றிப் பாருங்கள். மாற்றிய பிறகு வேறு கோப்புக்குப் போய்த் திரும்பி வந்தால் மெனு புதுப் பெயரோடு கட்டப்பட்டிருக்கும். யார் முதலில் வருகிறீர்கள்?